மலையில் அப்பாவைத் தேடித் தந்தவர்களுக்கு

சேதுக்கரை,
இராமநாதபுரம் மாவட்டம்.

சதுரகிரி மலையில் வழி தவறிய எங்கள் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்துத் தந்த மலையடிவாரத் தாணிப்பாறையின் பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பெரியவர்களுக்கும், வத்திராயிருப்பு இளைஞர்களுக்கும், வனத்துறை, தீயணைப்புத் துறைப் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் பணிவான வணக்கம்.

ஆடி அமாவாசைக்கு ஊர் ஊராக மக்கள் எங்கள் கடலில் முழுக்குப் போட வந்துகொண்டிருக்க, 63 வயதான அப்பா, சதுரகிரியில் உள்ள சுந்தர மகாலிங்க சுவாமியைத் தரிசித்தே தீர வேண்டும் என்று உறவினர்களுடன் மலைக்குப் புறப்பட்டார். தரிசனம் முடிந்து இறங்கும்போது, நெரிசலுக்கு ஒதுங்கி ஒற்றையடித் தடம் ஒன்றில் தனியே இறங்கியது அவருடைய பிழை. அதை அவரே எல்லாரிடமும் சொல்லி வருந்துகிறார். இருட்டும் முன்பு மற்றவர்கள் தாணிப்பாறை வந்து சேர்ந்தார்கள். அப்பா வரவில்லை.

கடலில் ஆள் காணாமற்போனால் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும். கச்சான் என்னும் மேல்காற்று எவ்வளவு வேகமாக வீசியது, நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணக்குப் பார்த்து, நாலைந்து வல்லங்கள் இடைவெளி விட்டு ஓடினால், படகு ஒதுங்கியிருக்கக்கூடிய இடத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். மலையில் அந்தக் கணக்கு எதுவும் உதவவில்லை. நாங்கள் கூப்பிட்ட குரல் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி, அப்பாவே பதில் கொடுப்பதுபோல எங்களை ஏமாற்றியது.

அப்போதுதான் பளியர் பெரியவர் ஒருவர் எங்களை அமைதியாக நிற்கச் சொன்னார். மூன்று முறை விசில் ஊதுவதும், பிறகு ஒருவரும் அசையாமல் காதுகொடுத்துக் கேட்பதுமாக அந்த இரவு முழுவதும் தேடினார்கள். 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்த மலையும் அதுதான். சம்பளத்துக்கு வராத அந்த இளைஞர்கள், மேலே மழை பிடித்திருப்பதை அறிந்தும், மறுபேச்சில்லாமல் ஓடையின் குறுக்கே கயிறு கட்டி இறங்கியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

"வழி தப்புனவன் தண்ணிச் சத்தத்தத் தேடித்தான் எறங்குவான்" என்ற பெரியவர், விடிந்ததும் ஓடைக்கரை ஈரமண்ணில் குனிந்து, இடது குதிகால் தேய்ந்த செருப்புத் தடம் ஒன்றைக் காட்டி, "இது அவருதானா?" என்று என்னிடம் கேட்டார். அது அப்பாவின் செருப்புதான். அங்கிருந்து சிறிது தூரத்தில், பாறை இடுக்கில், கணுக்கால் பிசகி, குளிரில் நடுங்கியபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கம்புகளில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, தோள் மாற்றி மாற்றிச் சுமந்து, வழுக்கும் பாறைகளில் அவரை ஒரு முறைகூடத் தரையில் தட்டவிடாமல் அடிவாரம் சேர்த்தார்கள். அமாவாசையை ஒட்டிய பிழைப்பையும் ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வந்தவர்கள், நாங்கள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்து, அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தாயிற்றா என்று மட்டும் விசாரித்தார்கள்.

குளிரில் நடுங்கிய அப்பாவுக்குத் தன் நீலச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்ட வத்திராயிருப்புத் தம்பியின் பெயரைக் கேட்டுக்கொள்ள அந்தப் பதற்றத்தில் தவறிவிட்டோம். அம்மா அதைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். கால் தேறியதும் அப்பாவே அங்கு வந்து, அதைத் தம்பியின் கையில் கொடுப்பார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சேதுக்கரை மீனவர் குடும்பம் ஒன்று.