பாம்பின் பெயரும் படமும் பொருந்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை வலுத்து எலி வளைகளில் தண்ணீர் புகுந்துவிட்டால், பாம்புகள் மேடான இடம் தேடி வீட்டுப் பக்கம் வருவதும், அவற்றைப் பற்றிய செய்திகள் மாவட்டப் பக்கங்களில் அடுத்தடுத்து இடம்பெறுவதும் ஆண்டுதோறும் காணும் வழக்கம். அத்தகைய செய்திகளில் ‘கொடிய விஷப்பாம்பு’ என்ற தலைப்பின் கீழ், தீயணைப்பு வீரர் ஒருவர் வாலைப் பிடித்துத் தூக்கி நிற்கும் சாரைப்பாம்பின் படம் அச்சாகியிருப்பதைப் பலமுறை காண நேர்கிறது. எந்த ஒரு நாளிதழையும் தனித்துக் குறை கூறுவது என் நோக்கமன்று. செய்தி அனுப்பும் நிருபர் முதல் அதைப் படிக்கும் வாசகர் வரை நம்மில் பெரும்பாலோர்க்கு வீட்டு வாசலில் வரும் பாம்புகளைப் பிரித்தறியத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. விலங்கியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதுகுறித்துச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இந்தியாவில் ஏறத்தாழ 300 வகைப் பாம்புகள் இருந்தாலும், மனித உயிரிழப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாக இருப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நாட்டில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கக்கூடும் என்று ஆய்வு மதிப்பீடு கூறுகிறது. இந்த நான்கையும் இவற்றைப் போலவே தோற்றமளிக்கும் நஞ்சற்ற பாம்புகளையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாததால் இரு பக்கமும் கேடு விளைகிறது. எலிகளைத் தின்று வயலைக் காக்கும் பாம்பு அடித்துக் கொல்லப்படுவது ஒரு பக்கம். கண்ணாடி விரியன் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ எண்ணிக் கையில் எடுத்துக் கடிபடுவது இன்னொரு பக்கம்.

அடையாளம் காண்பதற்கென்று மக்களிடையே உலவும் பொது விதிகள் பெரும்பாலும் தவறானவை. தலை முக்கோணமாக இருந்தால் நஞ்சுள்ளது என்பார்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமாக இருப்பதில்லை, நஞ்சற்ற மலைப்பாம்பின் தலையோ கழுத்திலிருந்து நன்கு பிரிந்து முக்கோணமாகவே தெரியும். கண்ணின் பாவை செங்குத்தாக இருக்க வேண்டும் என்பார்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பாவை வட்டமானது, அன்றியும் பாவையைப் பார்க்கும் தூரத்துக்கு ஒருவர் நெருங்குவதே ஆபத்து. கடிவாயில் இரண்டு பல் தடம் இருந்தால்தான் நஞ்சு ஏறும் என்ற நம்பிக்கை இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. கட்டுவிரியனின் பற்கள் சிறியவை. அது கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் தடமும் ஏதுமில்லாமல் போவது உண்டு. அதை நம்பி விடியும்வரை காத்திருந்தவர்களுக்கு வயிற்று வலியும், இமைகள் தாமாகச் சரிவதும்தான் முதல் அறிகுறியாக வந்து சேர்கின்றன.

கட்டுவிரியனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மிக அதிகமாகக் குழப்பம் தரும் இணை இதுவும் ஓநாய்ப் பாம்பும்தான். வெள்ளிக்கோல் வரையன் என்று நூல்கள் குறிப்பிடும் இந்த ஓநாய்ப் பாம்பு பல்லிகளைத் தேடி இரவில் சுவரேறுவது. மின்விளக்குச் சட்டத்தின் பின்னாலும் சன்னல் இடுக்கிலும் இதைக் காணலாம். இரண்டும் மெலிந்தவை, இரண்டும் இரவில் நடமாடுபவை, இரண்டின் உடலிலும் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் உண்டு. ஆனால் பட்டைகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே மங்குகின்றன என்பதைக் கவனித்தால் குழப்பம் பெருமளவு தீரும். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்தருகிலேயே அகலமாகவும் தெளிவாகவும் தொடங்கி, வாலை நெருங்க நெருங்க மங்கிவிடும்; உடலின் நிறமும் பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். கட்டுவிரியனில் இது தலைகீழ்: வளர்ந்த பாம்பின் தலைக்குப் பின்னால் சிறிது தூரம் பட்டையே இருக்காது அல்லது புள்ளிகளாக மட்டும் இருக்கும், பிறகு மெல்லிய வெண்கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து வால்வரை தெளிவாகச் செல்லும். உடல் பளபளப்பான கருநீலம் அல்லது கருமை. அடிவயிறு தூய வெள்ளை. பகலில் கட்டுவிரியனைக் கிளறினால் அது சீறாமல் உடலைச் சுருட்டித் தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். இந்தச் சாதுத்தனத்தைக் கண்டு ஏமாந்து அதைக் குச்சியால் புரட்டி விளையாடுபவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் பாம்புச் சட்டை கிடைத்தால் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம். கட்டுவிரியனின் சட்டையில் முதுகின் நடுவே ஓடும் செதில் வரிசை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோண வடிவில் தெரியும். ஓநாய்ப் பாம்புக்கு அப்படி இராது. கொம்பேறி மூக்கனுக்கும் பூனைப் பாம்புக்கும்கூட நடுவரிசைச் செதில்கள் பெரியவையே என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. உயிருள்ள பாம்பிடம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் படமெடுக்க ஒரு முழ தூரத்துக்குச் சென்று குனிபவர்கள் பெருகிவிட்ட காலம் இது.

நல்ல பாம்பு படமெடுத்து நின்றால் யாருக்கும் ஐயம் வராது; அது படம் விரிக்காமல் ஓடும்போதுதான் சாரையோடு குழப்பம் ஏற்படுகிறது. சாரைப்பாம்பு பகலில் திரிவது, மிக விரைவாக ஓடுவது, இரண்டு மீட்டருக்கு மேலும் வளர்வது. அதன் கண்கள் பெரியவை, உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கறுப்புக் கோடுகள் இருக்கும், உடலின் பின்பாதியில் கரிய வலைப்பின்னல் தெரியும். சாரையும் நாகமும் இணைசேரும் என்ற பழைய நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை. வரப்பில் இரண்டு பாம்புகள் எழுந்து பின்னிப் பிணைவதைக் கண்டு மஞ்சள் துணி போர்த்தும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. அவை பெரும்பாலும் ஒன்றையொன்று தரையில் அழுத்த முயலும் இரண்டு ஆண் சாரைகளே. வாய்க்காலிலும் குளத்திலும் வாழும் தண்ணீர்ப் பாம்பும் மிரட்டினால் முன்னுடலை உயர்த்திக் கழுத்தைத் தட்டையாக்கும். அதன் உடலில் சதுரங்கக் கட்டம் போட்டாற்போல் அமைந்த கரும்புள்ளிகளையும், கண்ணிலிருந்து கீழ்நோக்கிச் சாயும் இரண்டு கறுப்புக் கோடுகளையும் பார்த்தவர்கள் அதை நாகம் என்று சொல்லமாட்டார்கள்.

கண்ணாடி விரியன் நெல்வயலில் வேலை செய்வோர்க்கு முதன்மையான எதிரி. ஓடி ஒளியாமல் இருந்த இடத்திலேயே கிடப்பதும், காய்ந்த சருகின் நிறத்தில் இருப்பதும் அதைக் காணவொட்டாமல் செய்கின்றன. முதுகில் ஒரு வரிசையும் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு வரிசையுமாக, கருவிளிம்பு கட்டிய நீள்வட்டப் பழுப்புப் புள்ளிகள் மூன்று வரிசைகளில் ஒழுங்காக அமைந்திருக்கும். இந்த ஒழுங்குதான் முக்கியமான அடையாளம். மலைப்பாம்பின் திட்டுகள் பெரியவை, ஒரு வடிவுக்கு அடங்காதவை. மண்ணுளியின் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து கோணல்மாணலாக ஓடும். அதன் தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரியாது, வாலோ குட்டையாக இருக்கும். கண்ணாடி விரியனின் உரத்த, நீண்ட சீறல் கேட்டால் அடையாளம் பார்த்துக்கொண்டு நிற்காமல் பின்வாங்குவதே நல்லது. சுருட்டை விரியன் வறண்ட, கற்பாங்கான நிலங்களில் வாழும் சிறிய பாம்பு. உடலை மடித்துச் செதில்களை ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பும், தலைமேல் அம்புமுனை போன்ற வெளிறிய குறி இருக்கும். இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் பூனைப் பாம்பு மெலிந்து நீண்டது, கண்கள் பெரியவை, செதில்கள் வழவழப்பானவை.

கொம்பேறி மூக்கன் கடித்தால் மரத்தின் மேல் ஏறிச் சுடுகாட்டுப் புகை எழுகிறதா என்று பார்க்கும் எனச் சொல்லிச் சொல்லியே, நஞ்சே இல்லாத ஓர் உயிரினத்தைக் காலனாக்கி வைத்திருக்கிறோம். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அவ்வாறே; அதன் நஞ்சு மிக மெல்லியது, மனிதர்க்குத் தீங்கு செய்யாதது. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியினர் பச்சை நிறம் என்றாலே அச்சமில்லை என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் அங்கே தடித்த உடலும் அகன்ற தலையும் கொண்ட மூங்கில் குழிவிரியனும் பச்சையாகவே இருக்கிறது. கடலோரத்தாருக்கு ஒரு சொல்: வலையில் ஏறிவரும், பக்கவாட்டில் தட்டையான வால் கொண்ட கடல் பாம்பு நஞ்சுடையது, நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து அதற்குப் பயன்படாது, வெறுங்கையால் அதை எடுத்து வீச வேண்டாம்.

இவ்வளவும் கடிபடுவதற்கு முன்பு தேவைப்படும் அறிவு. கடித்த பிறகு பாம்பை அடையாளம் காண முயன்று நேரத்தைச் செலவிடக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கடித்த பாம்பைத் தேடிப் பிடித்து, அடித்து, பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழக்கத்தால் பொன்னான நேரம் வீணாகிறது; தேடப் போனவரும் கடிபடுகிறார். துண்டிக்கப்பட்ட பாம்புத் தலைகூடச் சிறிது நேரம்வரை கடிக்க வல்லது. இந்தியாவில் வழங்கப்படும் விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது என்பதால், மருத்துவர் பெயரைக் கேட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அறிகுறிகளைப் பார்த்தே தொடங்குகிறார். தூய்மையான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். இரத்தம் உறையாமல் வழிந்தால் விரியன் நஞ்சு உடலில் வேலை செய்கிறது என்று பொருள். இமை சரிவதும் பேச்சு குழறுவதும் நாகத்தையோ கட்டுவிரியனையோ காட்டும். கடிபட்டவர் செய்ய வேண்டியது, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கீறாமல், இறுக்கிக் கட்டாமல், 108 வாகனத்தில் ஏறிவிடுவது மட்டுமே.

பாம்பை அறிவதில் நம் மாநிலத்தில் இருளர்களுக்கு நிகரானவர் இல்லை. தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த அவர்களது தொழில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முடங்கியபோது, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே திறமையை உயிர் காக்கும் பணிக்குத் திருப்பியது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தில் நஞ்சு எடுக்கப்பட்ட பாம்புகள் மீண்டும் காட்டிலேயே விடப்படுகின்றன. நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்தே சென்றிருக்கிறது. மணலில் பதிந்த தடத்தையும் வளை வாயிலில் கிடக்கும் சட்டைத் துணுக்கையும் எச்சத்தையும் கொண்டு உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லும் அம்மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் சென்று அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். விருது அளித்த நாம் அவர்களை எத்தனை பள்ளிகளுக்கு அழைத்திருக்கிறோம்?

பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது வரவேற்கத்தக்கது. அதோடு, ஒவ்வொரு மாவட்டத்திலும் காணப்படும் நஞ்சுள்ள பாம்புகளையும் அவற்றைப் போலிருக்கும் நஞ்சற்றவற்றையும் அருகருகே காட்டும் வண்ணப் பலகைகளை ஆரம்ப சுகாதார நிலையங்கள், நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள், நூறு நாள் வேலை நடக்கும் இடங்கள், அரசுப் பள்ளிகள் ஆகியவற்றில் வைக்க வேண்டும். அண்டை மாநிலமான கேரளத்தில் வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலி வழியாகப் பயிற்சி பெற்ற மீட்பாளரை அழைக்க முடிகிறது. இங்கும் இருளர்களைப் பயிற்றுநர்களாகக் கொண்ட அத்தகைய அமைப்பு ஒன்று ஊராட்சி அளவில் தேவை.

தங்கள் நாளிதழிடம் எனது வேண்டுகோள் சிறியது. பாம்பு பற்றிய செய்தியை வெளியிடும்போது படத்தில் உள்ள பாம்பின் பெயரை அறிந்தவரிடம் கேட்டு உறுதிசெய்து படத்தின் கீழேயே அச்சிடுங்கள். பெயர் உறுதியாகாவிட்டால் ‘பாம்பு’ என்று மட்டும் போடுங்கள், ‘கொடிய’ என்ற அடைமொழி வேண்டாம். மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை, கட்டுவிரியனையும் ஓநாய்ப் பாம்பையும் போன்ற ஓர் இணையின் படங்களை வண்ணத்தில், வேறுபாடுகளைச் சுட்டும் குறிப்போடு வெளியிட்டால், வாசகர்கள் அதை வெட்டிச் சமையலறைக் கதவில் ஒட்டிவைப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி.