முன்மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

அம்மன் அருளாலும் உங்கள் உபயத்தாலும் முன்மண்டபத் திருப்பணி முடிந்தது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. விரிசல் விட்டது வடக்கு வரிசையில் ஒரே ஓர் உத்திரம். மற்றவற்றிலும் ஏன் கை வைத்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

நம் மண்டபத்தில் எங்கும் இரட்டை உத்திரம். ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று நம்பித்தான் வெள்ளிதோறும் அதன் கீழே உட்கார்ந்திருந்தோம். உதவிக்கு வந்த பொறியாளர் அதை அளந்து பார்க்கச் சொன்னார். ஓர் உத்திரம் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். மீதி தாங்கக்கூடிய பாரத்தை, மேலே உள்ள மொத்தப் பாரத்தால் வகுக்க வேண்டும். ஒன்றுக்குக் குறையாமல் வந்தால் பாரம் இறங்க மாற்று வழி உண்டு.

நமக்கு வந்தது பூஜ்யம். கூரையாகப் பரப்பிய பாவுகற்களில் இடப்பக்கத்தவை இட உத்திரத்தில் மட்டும், வலப்பக்கத்தவை வல உத்திரத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தன. நடுவே இரண்டு விரல் இடைவெளி. பக்கத்தில் நின்றனவே தவிர, ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கவில்லை. கருங்கல்லோ அமுக்கத்துக்குத்தான் அசையாது. இழுவிசையில் அதன் பலம் பத்தில் ஒரு பங்குகூட வராது. உத்திரத்தின் அடிப்பக்கம் இழுவிசையில் இருப்பதால், முறிந்தால் சொல்லாமல் முறியும்.

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் 1928இல் கட்டிய சில்வர் பிரிட்ஜைப் பொறியாளர் நினைவூட்டினார். அதன் தொங்கு சங்கிலியில் கண்ணிக்கு இரண்டு எஃகுச் சட்டங்கள். 1967 டிசம்பர் 15 அன்று ஒரு சட்டம் முனையில் உள்ள துளையில் முறிந்தது. இணைச்சட்டம், துளைகளைக் கோத்திருந்த முளையிலிருந்து நழுவியது. பாலம் முழுவதும் விழுந்து 46 பேர் இறந்தார்கள். அங்கும் இரண்டுதான் இருந்தன. அதைக் கேட்டபின் ஓர் உத்திரத்தோடு நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

விரிசல் விட்ட உத்திரத்தைச் சவுக்கு முட்டில் நிறுத்தி, ஸ்தபதி புதுக்கல் ஏற்றினார். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளால் சுற்றிப் பிணைத்தோம். சாதா இரும்பு துருவேறிப் பருத்தால் கல்லையே பிளக்கும். பிணைத்தபின் போட்ட கணக்கும் ஒன்றுக்குக் கீழேதான் நின்றது. ஒழுகலுக்காக முன்பு போட்ட நான்கு அங்குலக் கான்கிரீட்தான் காரணம். சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. அதைப் பெயர்த்தெடுத்து மெல்லிய சுர்க்கித் தளம் (சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்தது) போட்டபின்தான் எல்லா ஜோடிகளும் ஒன்றைத் தாண்டின. நாள் கூடியது அந்த வேலையால்தான்.

இனி மண்டபத்தின் மேல் தண்ணீர்த் தொட்டியோ பந்தல் சாமானோ ஏற்ற வேண்டாம். ஏற்றினால் கணக்கு மறுபடி கீழே போய்விடும். புதுக்கல்லின் இரு முனைகளிலும் கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறோம்; கல் அசைந்தால் அது கீறும். அதில் கீறல் தெரிந்தால், பூசை நேரமானாலும் உடனே குழுவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு