சேமலாப நிதியை விட்டுவிடாதே

பொகவந்தலாவை, இலங்கை

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் பிரஷர் மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கிளினிக்குக்கு நான்தான் கூடப் போய் வருகிறேன்.

புதிய கடையில், ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதி பிடிக்கமாட்டார்கள், சம்பளத்தைக் கூட்டிக் கையிலேயே தருவார்கள் என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு மனம் கேட்கவில்லை. உன்னிடம் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கும் அவரே 3 வீதம் போட வேண்டும். அந்த 15 வீதமும் உன் உழைப்புக்குச் சேர வேண்டியது. சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நீங்கள் இருவரும் பேசி முடித்துக்கொண்டாலும் செல்லாது.

அம்மாவையே எடுத்துக்கொள். மழையிலும் பனியிலும் தேயிலைக் கொழுந்து பறித்தவளுக்கு சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மொத்தமாக வந்தன. அக்காவின் கல்யாணம், கூரைத் தகரம், பழைய கடன் என்று அவை கரைந்துபோயின. அதன்பின் மாதாமாதம் வர ஒரு சதமும் இல்லை. அந்த நிதி இருந்தே இந்த நிலை என்றால், அதுவும் இல்லாவிட்டால் உன் கதி என்ன? வாத்தியாராக இருந்த எனக்கு ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. என் காலத்துக்குப் பிறகு விதவைகள் ஓய்வூதியம் அவளுக்குக் கிடைக்கும். இருவருமே தோட்டத்தில் உழைத்த வீடுகளுக்கு அந்தப் பிடிமானமும் இல்லையே.

மேட்டு லயத்துப் பாட்டியை உனக்குத் தெரியும். மகள் குவைத்தில், பேரப்பிள்ளைகளை இவர்தான் வளர்க்கிறார். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் மலையிலிருந்து இறங்க ஆட்டோவுக்குக் காசும் கூட வர ஓர் ஆளும் வேண்டுமே! போன வாரம் போனபோது, சீனி வருத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் போத்தல் மூடியில் வைத்திருந்தார். அடுத்த கிளினிக்குக்குப் போக முடியாவிட்டால் இருக்கட்டும் என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

2012 குடிசன மதிப்பீட்டில் நம் நாட்டில் 65 வயதைத் தொட்டவர்கள் 100 பேரில் 8 பேர்கூட இல்லை. 2024இல் 12ஐத் தாண்டிவிட்டது. உன் தாத்தாவுக்கு நாங்கள் ஏழு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நாள் பார்த்துக்கொண்டோம். உனக்கு ஒரே மகள். பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு முதியோர் சட்டம் சொல்கிறது. பிள்ளையின் கையிலும் காசு இல்லாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? உன் முதுமையையும் உன் மனைவியின் முதுமையையும் அந்தச் சின்னவளின் தலையில் ஏற்றிவிடாதே.

எங்களுக்கு அனுப்புவதைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை. முதலாளியிடம் மரியாதையாகக் கேட்டு, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை எழுதி வாங்கு. மறுத்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். பழைய கடையில் ஒழுங்காகக் கட்டினார்களா என்பதையும் அடையாள அட்டையோடு போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடு.

அன்புடன்,
அப்பா