ஊசிக்கு முன் ஒரு நிமிஷம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வந்த டாக்டர் ஏமி பேக்ஸ்டர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அட்லாண்டாவில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை டாக்டர், ஊசி வலியைக் குறைக்க ‘பஸ்ஸி’ என்று தேனீ வடிவத்தில் ஒரு சின்னக் கருவி செய்தவர். நல்ல கட்டுரைதான். ஆனால் மகன் தடுப்பூசிக்குத் துடித்ததைப் பார்த்த தாய் மனசுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிட்டீர்கள். தாய் மனசு எந்த வீட்டில்தான் இல்லை? அந்த அம்மா வலியை ஒரு ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டவர். கட்டுரையில் அது விட்டுப்போய்விட்டது.

மூளைக்காய்ச்சல் சந்தேகம் வந்தால் கைக்குழந்தையின் முதுகுத்தண்டில் ஊசி விட்டு நீர் எடுப்பார்கள். பயிற்சி டாக்டர்கள் இதைச் செய்யும்போது யாருக்குச் சரியாக வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பேக்ஸ்டரும் அவரோடு இருந்தவர்களும் பார்த்து 2006-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். முதலில் மரத்துப்போகும் மருந்து போட்டவர்களுக்கே காரியம் அதிகமாகக் கைகூடியது. அதாவது, வலியைக் குறைப்பது பிள்ளைக்குச் செல்லம் கொடுப்பதல்ல. வேலை சுத்தமாக முடிவதற்கே அது வேண்டும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது தொழிலாளர்களுக்கு மருந்து போட்டு ஊசி குத்தும் மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இது புதுசு இல்லை. நாலு பேர் அமுக்கிப் பிடித்த பிள்ளையின் தொடை கல்லு மாதிரி இறுகிவிடும். இறுகின சதையில் ஊசி ஏறினால் வலி கூடும், அடுத்த தடவை அந்தப் பிள்ளை என் சைக்கிள் சத்தம் கேட்டாலே தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் ஓடிவிடும். பெரியவனானாலும் அந்தப் பயம் போவதில்லை. குலை வெட்டுகிற ஆள் ஒருவர், நல்ல உடம்பு, உள்ளங்கையில் செம்பனை (எண்ணெய்ப் பனை) முள் ஏறி ஒடிந்ததை ஊசிக்குப் பயந்து மறைத்துவிட்டார். என்னிடம் வந்தபோது விரலை மடக்க முடியவில்லை, சீழ் மணிக்கட்டுக்கு வந்திருந்தது. அரிவாளுக்குப் பயப்படாத மனுஷன்!

சரி, கருவிக்கு வருகிறேன். இரவு வேலை முடிந்து கார் ஓட்டி வரும்போது ஸ்டீயரிங் அதிர்ந்து கை மரத்துப்போனதை பேக்ஸ்டர் கவனித்தார். வீட்டுக்கு வந்து அதிர்வோடு உறைந்த பட்டாணிப் பையின் குளிர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தார். அதிர்வும் குளிர்ச்சியும் சேர்ந்ததுதான் பஸ்ஸி. பின்புலத்தில் 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன கதவுக் கோட்பாடு இருக்கிறது. தோட்டத்துக் கேட்டில் நிற்கிற ஜாகா (காவல்காரர்) மாதிரி முதுகுத்தண்டில் ஒரு காவல் உண்டு. தொடுதல், அதிர்வு இவற்றின் செய்தி தடித்த நரம்புகளில் வேகமாக வந்து கேட்டை அடைத்துக்கொள்ளும். மெல்லிய நரம்பில் வருகிற வலி பின்தங்கி நிற்கும். முட்டி இடித்தால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதுவும் இதேதான்.

உங்கள் படத்தில் கருவியை ஊசி ஏறும் இடத்திலேயே வைத்துக் காட்டியிருந்தீர்கள். முதலில் அங்கே கொஞ்ச நேரம் அழுத்தலாம், அது சரி. ஆனால் ஊசி ஏறும்போது அது சற்று மேலே, அந்த இடத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் வைத்துவிட்டு “வலி ஒண்ணும் குறையல” என்றால் கருவி என்ன செய்யும்?

கருவி வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் பேத்திக்கு ஒரு கிளினிக்கில் ஊசி போட்டபோது, ஃப்ரீசரில் கிடந்த ‘ஐஸ்கிரீம் மலேசியா’ (பிளாஸ்டிக் குழாயில் உறைந்த குச்சி ஐஸ்) ஒன்றைத் துணியில் சுற்றித் தோளுக்குக் கீழே ஒரு நிமிஷம் வைத்து, அப்புறம் மேலே நகர்த்திப் பிடித்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) முகம் சுளித்து “செப்பாட் அங்கிள், ராமாய் ஓராங்” (சீக்கிரம் அங்கிள், நிறைய ஆட்கள்) என்று மலாயில் சொன்னார். கூட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முந்தின பிள்ளையை மூன்று பேர் மல்லுக்கட்டிப் பிடித்ததற்கு ஆன நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் போட்டிருக்கலாம். பேத்தி கொஞ்சம் சிணுங்கினாள், பிறகு ஐஸைத் தின்று முடித்தாள். அதிர்வு சேர்ந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

2015-இல் உலக சுகாதார நிறுவனமே தடுப்பூசி வலி பற்றிச் சொல்லியிருக்கிறது: கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடலாம், பிள்ளையைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள், பல ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள். ரத்தம் வருகிறதா என்று பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கும் பழைய பழக்கமும் தடுப்பூசிக்கு வேண்டாம் என்கிறது. இதில் எதற்கும் காசு கிடையாது.

ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஏழு வயதில் தமிழ்ப்பள்ளிக்கே வந்து ஊசி போடுகிறார்கள். முன்னால் நிற்பவன் அலறுவதைப் பார்த்துக்கொண்டு முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையை வகுப்புக்குள் வைத்து ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தலைமையாசிரியரிடம் இதைக் கேட்கலாம், ஐஸ் பெட்டி ஒன்றும் ஏற்பாடு செய்யலாம். அதற்கு முன் அந்தப் படத்தை, கருவி வைக்கிற இடத்தைத் திருத்தி, நீங்கள் மறுபடி ஒருமுறை போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரெசர்,
சுங்கை சிப்புட், பேராக்