தொட்டியைத் திறக்க வழி வேண்டும்: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் தாங்கள் குழு அமைத்தபோதும், அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று தேசிய நுகர்வோர் நாளில் அதற்கென இணையதளம் தொடங்கியபோதும் அச்செய்திகளை மகிழ்ச்சியோடு படித்தவர்களில் நானும் ஒருத்தி. வேளாண் கருவிகள், கைபேசிகள், வாகனங்கள் ஆகியவற்றோடு வீட்டு உபயோகப் பொருட்களும் அன்று எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் ஒன்றாக இருந்தன. பின்னர் 2024 செப்டம்பரில் அமைக்கப்பட்டு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்த குழு, ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று வாங்குபவருக்குக் காட்டும் பழுதுபார்ப்புக் குறியீட்டைக் கைபேசியிலும் டேப்லெட்டிலும் தொடங்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. அடுத்ததாக வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகவும், அப்போது தொட்டியைத் திறந்து பழுதுபார்க்க முடியுமா என்று உற்பத்தியாளரிடம் கேட்க மறந்துவிடக் கூடாது என்று சொல்வதற்காகவும் இதை எழுதுகிறேன்.

தாம்பரத்துக்குத் தெற்கே, போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. 2013ஆம் ஆண்டு வாங்கிய ஃபிரண்ட் லோடு இயந்திரம் ஒன்பதாம் ஆண்டில், ஸ்பின் ஓடும் நேரத்தில் மாவு மில்லைப் போல இரையத் தொடங்கியது. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலிருந்து வந்த இளைஞர் கதவைத் திறந்து டிரம்மைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேரிங் போய்விட்டது என்றார். நோயைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் பேரிங்கைத் தனியாக மாற்ற முடியாது, டிரம்மைச் சுற்றித் தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் வெளித்தொட்டி இரண்டு பாதியாக வார்த்து ஒன்றாக ஒட்டப்பட்டது, திறக்கும் வழியே கிடையாது, ஆகவே தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றும், அதற்கு 14,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். நாங்கள் அந்த இயந்திரத்தை வாங்கிய விலை 24,000 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 1,500 ரூபாய் கிடைக்கும், புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த வழி அது ஒன்றுதான்.

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் அந்தத் தொட்டியைக் கழற்றித் தம் கடைக்கு எடுத்துச் சென்று, ஒட்டிய விளிம்பைச் சுற்றி ஹாக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்துத் திறந்தார். உள்ளே இருந்தவை 6205, 6206 என்ற எண்ணுள்ள இரண்டு சாதாரண பேரிங்குகள். எந்தப் பேரிங் கடையிலும் கேட்ட உடனே எடுத்துத் தரக்கூடிய, உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகள் அவை. அவற்றுக்கு முன்னே இருந்த ஆயில் சீல் தேய்ந்துபோய், சோப்பு கலந்த உப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸைக் கரைத்துவிட்டிருந்தது. அந்த ரப்பர் வளையத்தின் தேய்மானம்தான் மொத்தக் கோளாறுக்கும் மூலம். புதிய பேரிங்குகளையும் சீலையும் பொருத்தி, விளிம்பு நெடுகத் துளையிட்டு, சிலிக்கான் பூசி, போல்ட் போட்டு இறுக்கி மூடினார். இரண்டு நாள் வேலைக்குக் கூலியும் பொருளும் சேர்த்து 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த இயந்திரம் இன்றும் எங்கள் வீட்டில் துவைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் இதை வெற்றிக் கதையாக நான் சொல்ல வரவில்லை. அறுக்கும்போது பிளாஸ்டிக் விரிசல் விட்டால் தொட்டியே பாழ், பிறகு நான் பொறுப்பேற்க முடியாது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டு பாதிகளையும் ஒட்டாமல், நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட் வைத்துத் திருகாணி போட்டு மூடியிருந்தால், இந்த அபாயம் எதுவும் இல்லாமல் அதே வேலை அரை நாளில் முடிந்திருக்கும். அப்படித் திருகாணி போட்ட தொட்டிகள் புதுமையானவை அல்ல. பழைய இயந்திரங்கள் பலவற்றில் அவை இருந்தன, இப்போதும் சில மாடல்களில் இருக்கின்றன. ஒட்டிய தொட்டியைத் தொழிற்சாலையில் விரைவாகச் செய்யலாம், கசிவும் குறையும் என்ற காரணங்களை நான் மறுக்கவில்லை. அங்கே மிச்சமாகும் சில நிமிடங்களுக்கான விலையை எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் கொடுக்கிறது என்பதும், வாங்கும் நாளில் அந்தக் குடும்பத்துக்கு யாரும் இதைச் சொல்வதில்லை என்பதும்தான் என் முறையீடு.

திருநெல்வேலியில் என் அம்மா வைத்திருக்கும் செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்துக்கு இருபது வயது ஆகப்போகிறது. வாஷ் டைமர் இரண்டு முறையும், ஸ்பின் மோட்டாரும் அதன் கெப்பாசிட்டரும் ஒரு முறையும், பிரேக் வயரும் அடியில் இருக்கும் சீலும் நினைவில் இல்லாத அளவுக்கும் மாற்றியாகிவிட்டது. இவை எல்லாம் டவுனில் உள்ள கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். பின்பக்க மூடியில் உள்ள சில திருகாணிகளைக் கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். அந்த இயந்திரம் அதிகத் தண்ணீர் குடிக்கிறது, நனைந்த துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, அம்மாவின் முதுகுக்கு அது நல்லதல்ல. இருந்தும் அது நின்றுபோன நாளில் அவர் கடைக்காரரைத் தேடாமல் மெக்கானிக்கைத்தான் தேடுகிறார். பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் மக்களிடம் மறைந்துவிடவில்லை. அதற்கு இடம் கொடுக்காத பொருட்கள்தான் பெருகியிருக்கின்றன.

தொட்டிக்கு அடுத்த தடை பிசிபி என்று எல்லோரும் சொல்லும் மின்சுற்றுப் பலகை. ஈரமும் பூச்சியும் அண்டாமல் இருக்க அதன்மேல் பிசின் ஊற்றி மூடுகிறார்கள், நம் ஊர்ச் சூழலுக்கு அது தேவையான பாதுகாப்புதான். ஆனால் ஒரு ரிலே கருகினாலும், சில ரூபாய் பெறும் ஒரு கெப்பாசிட்டர் உப்பினாலும், அந்தப் பிசினைச் சுரண்டி எடுக்கும் கைத்திறன் உள்ளவர் கிடைக்காவிட்டால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த மாடல் நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டால் புதுப் பலகையும் வராது. மின்சுற்று வரைபடம் கிடைத்தால் ரிச்சி தெருவில் உதிரி வாங்கிச் சரிசெய்துவிடக்கூடியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வரைபடத்தைத்தான் நிறுவனங்கள் வெளியே தருவதில்லை.

எல்லாப் பழைய இயந்திரங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. கடற்காற்றில் உடல் தகரம் அடிவரை துருப்பிடித்து மின்கசிவு அபாயம் வந்துவிட்டாலோ, டிரம்மைத் தாங்கும் அலுமினிய ஸ்பைடர் அரித்து உடைந்து அதனோடு டிரம்மும் கிழிந்துவிட்டாலோ, புதியது வாங்குவதே சரி. முதியவர் மட்டும் இருக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை நிற்கும் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதும் இல்லை. ஆனால் புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று கடையில் சொல்லப்படும் காரணத்தை நம் வீடுகளுக்கு ஏற்ப எடைபோட வேண்டும். வாஷிங் மெஷினில் அதிக மின்சாரம் இழுப்பது தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். அது ஏறத்தாழ 2 கிலோவாட் எடுக்கும்போது மோட்டாருக்குச் சில நூறு வாட் போதும். குழாய்த் தண்ணீரிலேயே துவைக்கும் நம் வீடுகளில், நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைத் தூக்கிப்போடும் அளவுக்கு அந்த மிச்சம் பெரிதாக இருக்காது. அறுபது, எழுபது கிலோ எடையுள்ள எஃகும் பிளாஸ்டிக்கும் செம்பும், அதிர்வைத் தாங்க உள்ளே வைத்த கான்கிரீட் கட்டியும் ஒரு ரப்பர் சீலுக்காகக் காயலான் கடைக்குப் போவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்கு மறுசுழற்சிப் பொறுப்பைக் கொடுத்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் காயலான் கடைக்கு வரும் நாளைத் தள்ளிப்போடுவது தங்கள் துறையின் கையில் இருக்கிறது.

கடைகளில் இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டியிருக்கும் “மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம்” என்ற வாசகத்தையும் தாங்கள் கவனிக்க வேண்டும். பேரிங், சீல், பிசிபி, டிரெய்ன் பம்ப், கதவு ரப்பர் என்று அடிக்கடி கெடும் பாகங்கள் எவையும் அந்தப் பத்து ஆண்டுக்குள் வருவதில்லை. வாங்குபவரோ அந்த எண்ணை முழு இயந்திரத்துக்கும் பொருத்திப் புரிந்துகொள்கிறார்.

வெளிநாட்டு முன்மாதிரிகளைத் தாங்கள் அறிவீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் வாஷிங் மெஷின் உதிரிபாகங்களை, அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகள் தர வேண்டும், கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விதியின் ஒரு சொற்றொடரை மட்டும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிரம், ஸ்பைடர், பேரிங் ஆகியவற்றைத் தனித்தனியாகவோ ஒரே தொகுப்பாகவோ தரலாம் என்று அது அனுமதிக்கிறது. தொகுப்பாகத் தரலாம் என்றால் ஆயிரம் ரூபாய்ப் பேரிங் பதினான்காயிரம் ரூபாய்த் தொட்டியாகிவிடும், என் வீட்டில் நடந்தது அதுதான். 2021 ஜனவரி முதல் ஃபிரண்ட் லோடு இயந்திரங்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டவைத்த பிரான்ஸ், உதிரிபாகத்தின் விலை இயந்திர விலையில் எத்தனை பங்கு என்பதையும் அந்த மதிப்பெண்ணில் சேர்த்துக்கொண்டது. நமக்கு ஏற்ற வழி அதுவே என்று கருதுகிறேன்.

ஆகவே நான் கேட்பது இதைத்தான். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வாஷிங் மெஷினிலும், நட்சத்திர முத்திரைக்குப் பக்கத்தில், தொட்டியைத் திறந்து பேரிங்கையும் சீலையும் தனியாக மாற்ற முடியுமா, முடியாதா என்று தமிழ் உள்ளிட்ட அந்தந்த மாநில மொழியில் அச்சிட வேண்டும். அத்துடன், உதிரிபாகங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும், முக்கியமான பாகங்களின் அதிகபட்ச விலை என்ன என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. திறக்க முடியாத தொட்டி என்பது தரம் பற்றிய செய்தி இல்லாமல் வேறென்ன?

உதிரிபாகங்களையும் வரைபடங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்பது இத்துடன் சேர்ந்த கோரிக்கை. இது நம் நாட்டுக்குப் புதிதன்று. கார் உதிரிபாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், வாங்கிய வண்டியை யாரிடம் காட்டிச் சரிசெய்வது என்பது வாங்கியவரின் விருப்பம் என்ற கருத்து அன்றே பதிவாகிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அது பொருந்த வேண்டும்.

குறியீட்டை வகுக்கும் குழுக்களில் நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு, தெருவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குகள் இரண்டு, மூன்று பேரையாவது அமர்த்துங்கள். எந்தத் திருகாணி எந்த ஆண்டில் மறைந்தது, எந்தப் பாகம் எத்தனை மாதம் காத்திருந்தும் வராமல் போனது என்பதை அவர்கள் ஏடு பார்க்காமல் சொல்வார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் அறுத்த தொட்டியைப் போலவே இன்னும் நான்கு தொட்டிகள் அவர் கடை வாசலில் கிடக்கின்றன. தங்கள் துறையிலிருந்து எவரேனும் வந்து பார்ப்பதாக இருந்தால், அவற்றைத் திறந்து காட்டத் தாம் தயார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தாம்பரம் பகுதியிலிருந்து ஒரு நுகர்வோர்