கயல், அந்த ஸ்கேனைத் தள்ளிப் போடாதே

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள கயலுக்கு,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். வேறு செய்தி எழுத மனம் ஓடவில்லை.

மூளைக் குழாய் சுருங்குகிற உன் மொயாமொயா வியாதிக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன் தேதியை மறுபடியும் மாற்றிவிட்டாயாம். "ஆஞ்சியோவிலேயே எல்லாம் தெரிஞ்சிடுச்சே, இது எதுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டாயாம். இந்த ஸ்கேன் எடுக்கிற காமா கேமரா அறையிலேயே காலம் கழித்தவன் மகள் கேட்கிற கேள்வியா இது? ஆஞ்சியோ, குழாய் எங்கே எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காட்டும். அதற்குப் பின்னால் இருக்கிற மூளைக்கு ரத்தம் போதுகிறதா, இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டாது. படத்தில் ஒரே மாதிரி சுருக்கம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு ஓட்டம் நன்றாக இருப்பதையும் இன்னொருவருக்கு வற்றிக் கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். பெரிய குழாய் சுருங்கினால் உள்ளே இருக்கிற சின்னத் தமனிகள் தாமாக விரிந்து ஈடுகட்டும். உன் மூளை இத்தனை நாள் அப்படித்தான் சமாளித்திருக்கிறது. இனி விரிய இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான், தமனியை விரிக்கிற டயமாக்ஸ் ஊசி. நல்ல தமனி அந்த மருந்துக்கு இன்னும் விரியும், ஓட்டம் கூடும். ஏற்கெனவே முழுக்க விரிந்துவிட்ட பகுதியில் ஓட்டம் கூடாது. சில சமயம் குறைந்துகூடப் போகும். மேல்மடைக்காரன் மதகை அகலத் திறந்தால் கடைமடை காய்வது போல. அப்படிக் காய்கிற இடம் எது என்று தெரிந்தால்தான், நெற்றிப் பொட்டுத் தோலுக்கடியில் ஓடுகிற தமனியை மூளைத் தமனியோடு எந்தப் பக்கம் முதலில் இணைப்பது என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவும் இந்தப் படம்தான் வேண்டும்.

சித்தப்பா அனுப்பிய வாட்ஸ்அப்பை நம்பி உட்கார்ந்திருக்காதே. இப்படித் தமனியை இணைக்கிற பைபாஸால் பயனில்லை என்று 1985இல் வந்த ஆய்வு, 1377 பேரை வைத்துச் செய்தது, உண்மைதான். ஆனால் அவர்களுக்குக் கொழுப்புப் படிந்து வந்த அடைப்பு. உனக்கு இருப்பது மொயாமொயா, கொழுப்புப் படியாமலே குழாய் மெல்ல மெல்லச் சுருங்குகிற வியாதி. இரண்டும் வேறு. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியார் வீட்டுக்கே வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு புத்தி உள்ளவள் உடம்பு விஷயத்தை மட்டும் ஏனம்மா இப்படி மூடி வைக்கிறாய்?

ஸ்கேன் அன்று காலை காபி, டீ குடிக்காதே. தண்ணீர் நிறையக் குடி. டயமாக்ஸ் சிறுநீரை அதிகமாக இறக்கும், உன் வியாதிக்கு உடம்பு வறளக் கூடாது. உதடும் விரல் நுனியும் கொஞ்ச நேரம் மதமதவென்று இருக்கும், பயப்படாதே. கை துவண்டாலோ நாக்கு குழறினாலோ உடனே அவர்களிடம் சொல். படம் எடுப்பதற்கான கதிரியக்க மருந்து, டெக்னீசியம் ஊசி போடும்போது பேசாமல், அசையாமல் படு. அந்த நேரத்து ஓட்டம்தான் படத்தில் பதியும், மனசு அலைந்தால் அதுவும் பதியும். ஆறு மணி நேரத்தில் அந்த மருந்தின் கதிர்வீச்சு பாதியாகிவிடும். அன்று மட்டும் யாழினியை மடியில் வைக்காதே. ஆறாவது படிக்கும்போது சல்ஃபா மாத்திரைக்கு உனக்கு உடம்பெல்லாம் தடித்ததே, அதைக் கட்டாயம் சொல். டயமாக்ஸும் அந்த வகைதான். கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காபி குடிக்காதே.

சூடான சோற்றை ஊதி ஊதிச் சாப்பிடாதே, ஆறவிடு. அழாதே. அழுதால் மூச்சு வேகமாகும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக் குழாய் சுருங்கும். இந்த வியாதிக்காரர்களுக்குக் கை கால் துவண்டுபோவது பல சமயம் அப்படித்தான். டயமாக்ஸ் செய்வதற்கு நேர் எதிர் வேலையை அழுகை செய்யும்.

யாழினி அம்மாச்சியிடம் சொன்னாள், "அம்மா ராத்திரி அழுதாங்க, அப்புறம் கை தூக்க வரல" என்று. குழந்தையைத் திட்டாதே. கேட்டதற்குத்தான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. தீபாவளிக்கு நீயும் யாழினியும் மட்டும் வந்தபோதும் கேட்கவில்லை. வீடு உனக்கு எப்போதும் இருக்கிறது, மாடி அறையை வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரிப் படிவத்தில் "உடன் வருபவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். நீ தேதியைத் தள்ளுவதற்கு அந்தக் கட்டம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் என் பெயரை எழுது. உறவு: தந்தை.

நாளைக்கே போன் செய்து தேதி வாங்கு. எந்த நாள் என்று ஒரு வரி அனுப்பினால் போதும், முந்தின நாள் இரவு ரயிலில் ஏறிவிடுவேன். பழைய ஸ்கேன் ஃபிலிம், ஆஞ்சியோ சிடி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வை. ஆஸ்பிரினை நீயாக நிறுத்தாதே.

அன்புடன்,
அப்பா