மோசடி எப்படிப் பிடிபட்டது என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

பதிப்புலக மோசடிகள் பற்றிய பொட்காஸ்ட்டுகளை வன்னியிலும் பலர் கேட்கிறார்கள். குரல் நன்று, பின்னணி இசை அதிகம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கள் குறை வேறு: மோசடி பிடிபட்ட விதம் விளக்கப்படுவதில்லை.

1983இல் ஜேர்மனியின் ஸ்டேர்ன் சஞ்சிகை ஹிட்லர் எழுதியவை என்று வெளியிட்ட போலி நாட்குறிப்புகளையே எடுங்கள். கையெழுத்து நிபுணர்கள் ஏமாந்ததற்குக் காரணம், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் அதே மோசடிக்காரர் எழுதியவை கலந்திருந்தன. காட்டிக்கொடுத்தது தாள். போருக்குப் பிறகே பாவனைக்கு வந்த வெண்மையூட்டி அதில் இருந்தது. புற ஊதா ஒளியில் அது ஒளிர்ந்தது.

இங்கே சொந்தப் பணத்தில் நூல் போடுவோருக்கும், ஏமாறாமல் இருக்க, இத்தகைய விளக்கம் வேண்டும். பிரதிகளின் எண்ணிக்கை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அச்சகப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். இலங்கை நூலின் ஐஎஸ்பிஎன் (நூலுக்கு வழங்கப்படும் சர்வதேச அடையாள இலக்கம்) 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். 13 இலக்கங்களையும் மாறி மாறி 1, 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் தொகை பூச்சியத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் இலக்கம் பிழை. முடிந்தாலும், அது உங்கள் நூலுக்குத்தான் வழங்கப்பட்டதா என்பதைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடமே கேட்க வேண்டும்.

வாசகர்கள் சிலர்,
கிளிநொச்சி